மருத்துவத் துறைக்கு ஒரு வரலாற்றாளர் வேண்டும்

இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. கிருமி வந்துவிட்டது என்பதை முதலில் கண்டறிந்த ஊர் சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் அந்த வேலையில் இறங்கினார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம், காப்பகத்துக்கே போய் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த ஊநீரை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் மாதிரிகளைச் சேர்த்தார். ஆறு மாதிரிகளில் கிருமியின் தடயம் தெரிந்தது. மே மாதம், அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டப்பேரவையில் அதை அறிவித்தார்.

நிர்மலா பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணிபுரிந்து 2010இல் ஓய்வு பெற்றார். பொதுமக்களில் பலருக்கு அவர் பெயர் தெரியவந்தது, 2016இல் பிபிசி அவரைத் தேடிப்போய் எழுதிய பிறகுதான். சுனிதி சாலமன் 1993இல் தியாகராய நகரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் சிகிச்சை, ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். 2015இல் காலமானார். பத்மஸ்ரீ அவருக்குக் கிடைத்தது 2017இல், மறைவுக்குப் பின். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இந்த இருவரையும், வேலூர் ஆய்வகத்தாரையும், கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரிகளையும், ஊசிக்குக் கை நீட்டிய பெண்களையும் கேட்டு எழுதிவைப்பது நம் அரசில் எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

அதே 1986இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தமக்கென்று ஒரு வரலாற்று அலுவலகத்தைத் தொடங்கி, விக்டோரியா ஹார்டன் என்ற வரலாற்று அறிஞரை அதில் அமர்த்தின. அவர் மருத்துவர் அல்லர். வரலாறு படித்தவர். அரசு ஊழியர். எய்ட்ஸ் பற்றிய குழப்பமும் பயமும் அடங்காத அந்த நாள்களிலேயே, ஆய்வகத்து விஞ்ஞானிகளையும் வார்டு மருத்துவர்களையும் செவிலியர்களையும் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார் அவர். நோயின் முதல் பத்தாண்டு எப்படி இருந்தது என்று இன்று அங்கே யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. சம்பவத்தில் இருந்தவர்களின் குரலே இருக்கிறது. ஹார்டன் இருபது ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்து 2006இல் ஓய்வு பெற்றார். அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் அரசு வரலாற்றாளராக இருப்பது அங்கே ஒரு முழுநேர உத்தியோகம். அதற்குப் பதவியும் ஓய்வூதியமும் உண்டு.

சென்னையில் அந்த வேலை நடக்காமல் இல்லை. இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால், அதைச் செய்தவர்கள் எல்லோரும் வேறொரு வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள். அல்லது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

சிப்பியில் கணித்த கிரகணம்

முதல் உதாரணம் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவைக்கு வந்தவர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தினார். தென்னிந்தியர்கள் காலத்தைக் கணக்கிடும் முறைகளைத் திரட்டி அவர் எழுதிய ‘கால சங்கலித’ 1825இல் சென்னையில் வெளியானது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரை வாரன் சந்தித்தார். அந்த மனிதர் ஏட்டையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சிப்பிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது. வாரன் ஒவ்வொரு படியையும் குறித்துக்கொண்டார்.

127 ஆண்டுகள் கழித்து, 1952இல், பண்டைய வானியல் வரலாற்றில் பெரும்புள்ளியான ஓட்டோ நாய்கபவர் அந்தக் குறிப்பைக் கையில் எடுத்தார். ‘தமிழ் வானியல்’ என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பாபிலோனியக் கணித முறைகளின் சாயல் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் உயிரோடு இருப்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர், பக்கத்தூர்க்காரர் ஒருவரின் கணக்கை மதித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டதால் வந்த பலன் இது. எழுதாமல் போயிருந்தால், அந்தச் சிப்பிக் கணக்கு அவரோடு போயிருக்கும்.

கேப்டனும் இன்ஸ்பெக்டரும்

அடுத்த காட்சி மருத்துவத்தில். 1918இல் சென்னை அரசு நாட்டு மருந்துகளை ஆராய எம்.சி.கோமன் என்ற மருத்துவரை நியமித்தது. அவர் மருந்துகளைப் பொது மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். நாட்டு வைத்தியத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை அவர் தள்ளிப் பேசியது வைத்தியர்களைக் கொதிக்கவைத்தது. எதிர்ப்பின் விளைவாக, 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி.சீனிவாசமூர்த்தி: ஆங்கில மருத்துவமும் சட்டமும் படித்தவர், முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர்.

கோமன் மருந்தைச் சோதித்தார். சீனிவாசமூர்த்தி மனிதர்களைக் கேட்டார். ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்களுக்குக் கேள்விப் பட்டியல் போனது. அவர்கள் தங்கள் தங்கள் மொழியில் சாட்சியம் எழுதி அனுப்பினார்கள். 1923இல் வந்த அறிக்கை அந்தச் சாட்சியங்களையும் சேர்த்தே அச்சிட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்து வைத்தியர்கள் என்ன படித்தார்கள், எந்த நூலை நம்பினார்கள், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆய்வாளர்கள் போய் நிற்கும் இடம் அதுதான். சீனிவாசமூர்த்தி அந்த அறிக்கையோடு சேர்த்து எழுதிய நீண்ட குறிப்பு, இந்திய மருத்துவத்தின் வரலாற்றையும் தர்க்கத்தையும் விளக்கும் தனி நூலாகவே நின்றது. 1925இல் தொடங்கிய அரசு இந்திய மருத்துவப் பள்ளிக்கு அவரே முதல் தலைவர். அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தார். அங்கிருந்த சுவடிகளோடு அவருக்கு நெருங்கிய உறவு இருந்தது. அந்தப் பள்ளி பின்னால் கல்லூரியாகி, 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக உருமாறியது. இன்று அந்த வளாகத்தில் எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தங்கள் கல்லூரி எதிலிருந்து முளைத்தது என்று சொல்லிக்கொடுக்கப்படுகிறது?

இன்னொருவர் டி.வி.சாம்பசிவம் பிள்ளை. சென்னைக் காவல் துறையில் இன்ஸ்பெக்டர். மருத்துவம், ரசவாதம், மூலிகை பற்றிய தமிழ்ச் சொற்களைச் சுவடியிலிருந்தும் வைத்தியர் வாயிலிருந்தும் திரட்டி, தமிழ்–ஆங்கில மருத்துவ அகராதி ஒன்றை உருவாக்கினார். அதன் முதல் பகுதி 1931இல் வெளியானது. 1953இல் அவர் இறந்தபோது வேலை முழுதாக அச்சேறவில்லை. மீதி, பல ஆண்டுகள் கழித்துத் தமிழக அரசின் வழியாக வந்தது. சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இன்றும் புரட்டும் நூல் அது. அந்த உழைப்புக்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. சம்பளம் கொடுத்தது காவல் நிலையம்.

ஐதராபாத்துக்குப் போன பீடம்

1944இல், மருத்துவ வரலாற்றில் உலகப் பெயர் பெற்ற ஹென்றி சிகெரிஸ்ட் இந்திய அரசின் அழைப்பில் இங்கு வந்தார். சுதந்திர இந்தியாவின் சுகாதாரத்துக்கு வரைபடம் போட்ட ‘போர்’ (Bhore) குழு அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். மருத்துவ வரலாற்றுக்குத் தனி நிறுவனம் வேண்டும் என்று சிகெரிஸ்ட் பரிந்துரைத்தார். அதை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் டி.வி.சுப்பா ரெட்டி. சென்னை மாகாணத்து மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்தவர். பாடம் நடத்திய நேரம் போக, கோட்டை ஆவணங்களில் கம்பெனிக் காலத்து மருத்துவமனைகளையும் அறுவை மருத்துவர்களையும் தேடித் திரிந்தார். சென்னையில் நவீன மருத்துவம் வேரூன்றிய கதையை அவர் நூலாக வெளியிட்டது 1947இல். 1956இல் ஐதராபாத் உஸ்மானியா மருத்துவக் கல்லூரியில் மருத்துவ வரலாற்றுத் துறை உருவானபோது அதைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். அந்தத் துறை பின்னால் மத்திய அரசின் கைக்குப் போய், இன்று தேசிய இந்திய மருத்துவப் பாரம்பரிய நிறுவனமாக இருக்கிறது.

சென்னை ஆவணங்களில் கைப்பழக்கம் பெற்ற ஒருவர், வேறோர் ஊரில் பீடம் அமைக்க வேண்டியதாயிற்று. 1835இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஊர், 1875இல் பெண்களை மருத்துவம் படிக்கச் சேர்த்த ஊர், 1939இல் நாட்டின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்த ஊர், தன் கதையை எழுத ஒரு நாற்காலி போடவில்லை.

கே.வி.சர்மாவின் வாழ்க்கையும் இதே பாதையில் சுற்றி வந்ததுதான். செங்கன்னூரில் 1919இல் பிறந்தவர். திருவனந்தபுரம் சுவடி நூலகத்தில் தொடங்கி, 1951 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழிச் சுவடிகளின் பேரட்டவணை வேலையில் வே.ராகவனோடு இருந்தார். பிறகு பஞ்சாபின் ஹோஷியார்பூருக்குப் போனார். கேரளக் கணித மரபை, மாதவனையும் நீலகண்டனையும், உலக அறிவியல் வரலாற்றில் ஏற்றியதில் அவருடைய பதிப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓய்வுக்குப் பின் அடையாற்றில் குடியேறினார். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நானூறுக்கு மேற்பட்ட சுவடிச் சேகரங்களைத் துழாவி, அறிவியல் சார்ந்த 3,473 நூல்களை 12,244 சுவடிகளில் இனம்கண்டு 2002இல் பட்டியல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 2005 ஜனவரியில் காலமானார். அவருடைய ‘கணித யுக்தி பாஷா’ மொழிபெயர்ப்பு, சென்னையைச் சேர்ந்த எம்.டி.சீனிவாஸ், எம்.எஸ்.ஸ்ரீராம், மும்பையின் கே.ராமசுப்ரமணியன் ஆகியோரின் விளக்கவுரையோடு 2008இல்தான் வந்தது.

இவர்களைப் பாராட்டி விழா எடுப்பது எளிது. நாம் பார்க்க வேண்டியது வேறு. ஒருவரின் ஆர்வம் மட்டுமே நம்பிக்கை என்றால், ஆர்வமுள்ளவர் வராத தலைமுறையில் வேலை நின்றுவிடும். வேட்டி கட்டிய அறிஞர் ஒருவர் எண்பது வயதில் ஏணியில் ஏறிச் சுவடி எடுக்கும் படம் நமக்கு நெகிழ்ச்சியாக இருக்கலாம். ஓர் அரசுக்கு அது வெட்கமாக இருக்க வேண்டும்.

கோப்பு போகும் வழி

தமிழக அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கோப்பு முடியும்போது அதன் தலைமேல் ஓர் எழுத்து விழும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். டி.டிஸ். பத்து ஆண்டு. கே.டிஸ். மூன்று ஆண்டு. எல்.டிஸ். ஓராண்டு. இந்த எழுத்தைப் போடுவது பெரும்பாலும் பிரிவு எழுத்தரும் கண்காணிப்பாளரும். அவர்கள் பார்வையில் நில உரிமை, பணி மூப்பு, தணிக்கை ஆட்சேபம் ஆகியவை முக்கியம். அதில் தவறில்லை, அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் அவைதான். காப்பகத்தில் ரத்தம் எடுக்க ஒரு மாணவிக்கு அனுமதி தரும் கடிதம் எந்தக் கட்டில் போகும்? சாதாரணக் கடிதப் போக்குவரத்து என்று மூன்று ஆண்டில் கழிந்துவிடக்கூடிய வகையைச் சேர்ந்தது அது.

எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டைக் குறிப்புகள் இருக்கின்றன. 1670களில் கவர்னர் சபை என்ன பேசியது என்று நம்மால் படிக்க முடியும். ஆனால் 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது எந்த அதிகாரி எந்த மணிக்கு என்ன முடிவெடுத்தார் என்பது? அந்த நாள்களின் உத்தரவுகளில் பாதி வாட்ஸ்அப்பில் பறந்தவை. கைப்பேசி மாறினால் போயிற்று. அந்த ஆண்டு ஜூலை 22 அன்று, கணக்கில் விடுபட்டிருந்த 444 இறப்புகளைத் தமிழக அரசு தன் பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சிப் பதிவேடுகளை ஒரு குழு சரிபார்த்த பிறகு வெளிவந்த எண் அது. எண் எப்படி விடுபட்டது, யார் கண்டுபிடித்தார், பதிவேடும் மருத்துவமனையும் எங்கே முட்டிக்கொண்டன என்பதை விளக்கமாக எழுதிவைத்தால், அடுத்த கொள்ளைநோயில் அது உயிர் காக்கும் ஆவணம். கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்த இரவும், அதன்பின் அரசு கொண்டுவந்த அவசரச் சட்டமும் அப்படியே.

அரசு வரலாற்றாளரின் முதல் வேலை இங்கேதான். புத்தகம் எழுதுவது பிறகு. எதை அழிக்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் சிதறிக் கிடப்பவை

இன்னொரு வேடிக்கை, மூலங்களுக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை. கிண்டியில் 1899 முதல் அம்மைப்பால் தயாரித்த கிங் இன்ஸ்டிடியூட். கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்த அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம்; மெக்கன்சி திரட்டியவையும் எண்ணற்ற மருத்துவச் சுவடிகளும் அதில் உண்டு. அடையாற்றில் 1886இல் ஆல்காட் தொடங்கிய நூலகம், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனை. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அச்சில் வந்த பழைய வைத்திய நூல்களும் மலிவு விலைக் குறுநூல்களும் அங்கே குவிந்திருக்கின்றன. அருகிலேயே டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்காகக் கட்டிய வி.எச்.எஸ். மருத்துவமனை. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். மயிலாப்பூரில் வி.கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் நிறுவிய வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை, குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம்.

எல்லாம் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தூரம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிர்வாகத்தில். சித்த மருத்துவச் சுவடி என்றால் ஆயுஷ் துறையின் கீழுள்ள ஆராய்ச்சிக் குழுமம் பார்க்கும். பழைய அரசாணை என்றால் ஆவணக் காப்பகம். மருத்துவமனைப் பதிவேடு என்றால் அந்தந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்டு அறை. சுவடிக்காலத்து மருத்துவத்துக்காவது பேர் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. நம் பெற்றோர் காலத்து மருத்துவத்துக்கு அதுவும் இல்லை. பெரியம்மை ஒழிந்த கதை, 1994இல் மருந்துக் கொள்முதலுக்காகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவான கதை, அதே காலத்தில் எய்ட்ஸ் தடுப்புக்கென்று தனிச் சங்கம் அமைத்த கதை, எல்லாம் பிற மாநிலங்கள் வந்து பாடம் படித்துப்போன கதைகள். நடத்தியவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிராமச் செவிலியர்களிடமும் அம்மை குத்துபவர்களிடமும் இருக்கும் அனுபவம் எந்த அரசாணையிலும் வராது.

அரசு எழுதினால் புகழ்மாலையா?

நியாயமான ஐயம் ஒன்று எழும். அரசு சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுபவர் ஆட்சியாளர் மனம் கோணாமல்தானே எழுதுவார்? ஆண்டறிக்கைக்கு மெருகு போடும் ஆளாக அவர் ஆகிவிட மாட்டாரா?

ஆகலாம். ஆகாமலிருக்கவும் வழி உண்டு என்பதற்குச் சென்னையே சாட்சி. 1877 தாது வருஷப் பஞ்சத்தில், செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். அந்த அளவில் உடலுழைப்பு செய்யும் மனிதன் உயிர் தரிக்க முடியாது என்று உடற்கூற்றுக் கணக்கோடு வாதிட்டார். இருவருமே அரசு ஊழியர்கள். இருவரின் வாதமும் அரசு அச்சிலேயே வந்தது. இன்றைக்கு அந்தப் பஞ்சத்தின் கொடுமையை எழுதும் எவரும் அரசை எதிர்த்து எடுத்துக்கொள்ளும் முதல் ஆதாரம், ஓர் அரசு அதிகாரி எழுதிய குறிப்புதான். எழுத்து பத்திரமாக இருந்ததால் உண்மை பிழைத்தது.

வரலாற்றாளர் பெருமையோடு சேர்த்துச் சங்கடத்தையும் எழுத வேண்டும். 1986 கண்டுபிடிப்பு பெருமை. ரத்தம் கொடுத்த பெண்கள் காவலில் இருந்தவர்கள் என்பது சங்கடம். அவர்களுடைய சம்மதத்துக்கு என்ன பொருள்? தொற்று உறுதியானவர்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்ததும், பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததும் அதே கதையின் பக்கங்கள். அதை விட்டுவிட்டு முதல் பக்கத்தை மட்டும் எழுதினால் அது விளம்பரம்.

மரபு மருத்துவத்திலும் இதே நேர்மை தேவை. டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீரும், கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரும் அரசே விநியோகித்தது. அந்தச் சேர்மானம் எந்த நூலில் வருகிறது, அந்த நூல் எந்தக் காலத்தில் தொகுக்கப்பட்டது, எந்தச் சுரத்துக்கு என்று சொல்லியிருக்கிறது என்பன வரலாற்றாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அகத்தியர் பெயரில் வழங்கும் ஒரு சுவடியில் புகையிலையோ மிளகாயோ சேர்மானமாக வந்தால், அந்தப் பாடம் போர்ச்சுகீசியர் வருகைக்கு முந்தையதாக இருக்க முடியாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிகள். இதைச் சொல்வதால் மருந்தின் குணம் குறைந்துவிடாது. மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவச் சோதனை சொல்லட்டும். அதற்கு எவ்வளவு வயது என்பதை வரலாறு சொல்லட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மேடையில் பேசுவதால்தான் நம் உண்மையான சாதனைகளையும் வெளியுலகம் சந்தேகத்தோடு பார்க்கிறது.

இதில் காசு விஷயமும் உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்துப் போராடி 1997இல் ரத்து செய்யவைத்தது. அங்கே எடுபட்டது உணர்ச்சிப் பேச்சு அல்ல. பழைய நூலும் பழைய ஆய்வுக் கட்டுரையும். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் சித்த நூல்களையும் உள்ளடக்கிய மரபறிவு மின்னூலகம். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு மனிதர், நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞருக்குச் சமம்.

என்ன செய்யலாம்?

பெரிய கட்டடமோ பல கோடித் திட்டமோ வேண்டாம். மக்கள் நல்வாழ்வுத் துறையில் ஒரு வரலாற்று அலுவலகம். அதில் தொடக்கத்துக்கு மூன்று பேர்: வரலாற்றாளர் ஒருவர், ஆவணப் பொறுப்பாளர் ஒருவர், வாய்மொழிப் பதிவாளர் ஒருவர். மருத்துவர்களை மாற்றுப் பணியில் அனுப்பி நிரப்பும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. வரலாறு, சுவடியியல், தொற்றுநோயியல் என்று கலந்து பயின்றவர்களைத் தேர்வு வைத்து எடுக்க வேண்டும்.

சுகாதாரத் துறையின் எந்தக் கோப்பையும் அழிக்கும் முன் அந்த அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். பேரிடர் காலத்துக் கைப்பேசி உத்தரவுகளையும் கோப்பின் பகுதியாகக் கருதி, ஒவ்வொரு மாதமும் நகலெடுத்துச் சேர்க்கும் விதி அதில் இருக்கட்டும். நோயாளியின் பெயரும் அந்தரங்கமும் வெளியே வராமல் காக்கும் நெறிமுறையும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் காலவரையும் சேர்ந்தே வகுக்கப்பட வேண்டும்.

வரலாற்றாளரின் பதவிக்காலம் ஆட்சி மாற்றத்தோடு ஆடாததாக இருக்க வேண்டும். அவருடைய அறிக்கை அமைச்சரின் மேசையில் நின்றுவிடாமல் ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்பட வேண்டும். பிடிக்காததை எழுதியதற்காக அவரை மாற்ற முடியாது என்ற உறுதி இல்லாமல் இந்தப் பதவியை உருவாக்குவதைவிட உருவாக்காமல் இருப்பது மேல்.

பதவி வந்தால் படிப்பு வரும். கிண்டியில் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் ஆண்டுப் பட்டயப் படிப்பு நடத்தலாம். ஏட்டுத் தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும், கம்பெனிக் காலத்து ஆங்கிலக் கையெழுத்தும், நோய்ப் புள்ளிவிவரம் படிக்கும் பயிற்சியும், முதியவர் ஒருவரிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கும் கலையும் அதில் இடம்பெறட்டும். வரலாறு படித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. தவிர வேறு கதவு தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கும், செவிலியர் படிப்பு முடித்துவிட்டு எழுத்தில் நாட்டமுள்ளவர்களுக்கும் அது ஒரு வாழ்க்கைத் தொழில் ஆகும்.

அலுவலகம் திறந்த அன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எய்ட்ஸ் முதல் கொரோனா வரை பணியில் இருந்து ஓய்வு பெற்ற மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், காட்டிலாகா எல்லைவரை தடுப்பூசி சுமந்து நடந்தவர்கள் ஆகியோரின் பட்டியலை வயது வாரியாகத் தயாரிப்பது. மூத்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் போய்க் கேட்பது. சம்பளப் பட்டியல் கருவூலத்தில் இருக்கிறது. ஓய்வூதியர் முகவரியும் அங்கேயே இருக்கிறது. அரசு நினைத்தால் ஒரு மாதத்தில் தயாராகிவிடும் பட்டியல் அது. அடுத்த மானியக் கோரிக்கையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கச் சுகாதார அமைச்சருக்கு எந்தத் தடையும் இல்லை.